தண்ணீர் சேர்த்துக்கொள்ளாத மணம்

பிள்ளையார்பாளையத்தில் ஸ்ரீராமநவமிக்குப் பானகம் கரைக்கிற வீடுகளில் ஓர் எச்சரிக்கை தவறாமல் காதில் விழும்: "பச்சைக் கற்பூரம் இத்துனூண்டு போதும்மா. கூடப் போச்சுன்னா வாயிலயே வைக்க முடியாது." அந்த இத்துனூண்டு என்பது ஓர் அரிசி மணி அளவு. ஐந்து லிட்டர் குடம் அதிலேயே மணத்துவிடும். இதே வீட்டில் லட்டு பிடிக்கும்போது கற்பூரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே கிள்ளிப் போடுகிறார்கள். அப்படியும் லட்டு பானகத்தைப்போல மூக்கைத் துளைப்பதில்லை.

இது ஏன் புதிர்? ஏலக்காய், எலுமிச்சைத் தோல், துளசி, கற்பூரம் ஆகிய எல்லாவற்றின் வாசனையும் எண்ணெய்க் குணம் கொண்டது. எண்ணெய் தண்ணீரோடு சேராது என்பது பாத்திரம் கழுவிய எவருக்கும் தெரியும். லட்டில் நெய் இருக்கிறது; வாசனை நெய்யோடு இயல்பாகக் கலந்துவிடும். பானகத்தில் இருப்பதோ தண்ணீர். கலக்க முடிகிற இடத்தில் வாசனை அடங்கிக் கிடக்கிறது. கலக்க முடியாத இடத்தில் தெருவுக்கே தெரிகிறது. நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் தலைகீழ்.

இந்த அத்தியாயம் இந்த ஒரே புதிரைப் பற்றியது. விடை கிடைத்தால் பானகத்தை நன்றாகச் செய்யலாம். தாளிப்பில் எதைப் போடுவது, அடுப்பை அணைத்தபின் எதைத் தூவுவது என்பதற்கும் அதிலேயே காரணம் கிடைக்கும்.

குடத்துக்குள் யார் யார்

காஞ்சிபுரத்தின் மேற்கே, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலை ஒட்டிய நெசவாளர் பகுதி பிள்ளையார்பாளையம். பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உத்திரம், வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை என்று ஊரின் பெரிய திருவிழாக்கள் கோடையில்தான் வருகின்றன. கோடைத் திருவிழா என்றால் தண்ணீர்ப் பந்தல் இருக்கும். பந்தல் என்றால் நீர்மோரும் பானகமும் இருக்கும்.

பானகம் கரைக்க அடுப்பு அவசியமில்லை, மதுவும் கிடையாது. ஒரு பழத்தையும் நாலைந்து வாசனைப் பொருள்களையும் தண்ணீரில் ஊறவிட்டு எடுக்கும் திருவிழாப் பானம் அது. உலகின் பல ஊர்களில் பண்டிகை நாளில் பழத்தோலையும் பட்டை, கிராம்பையும் மதுவில் ஊறவைத்துக் காக்டெயில் கலக்கிறார்களே, அதற்கு நம் ஊர் உறவு.

அதில் சேரும் பொருள்களை வேதியியல் கண்ணோடு இரண்டாகப் பிரிக்கலாம். வெல்லமும் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பும் ஒரு பக்கம். இவை தண்ணீரில் முழுதாகக் கரையும்; ஆனால் காற்றில் ஏறாது. சர்க்கரைக்கும் சிட்ரிக் அமிலத்துக்கும் வாசனையே இல்லை. (வெல்லத்துக்கு ஒரு மணம் உண்டு; அது கரும்புச்சாற்றைக் காய்ச்சும்போது பிறந்த வேறு பொருள்களின் மணம்.) ஏலக்காயின் சினியோல், எலுமிச்சைத் தோலின் லிமொனீன், துளசியின் யூஜெனால், கற்பூரம் ஆகியவை மறுபக்கம். இவை தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். ஆனால் எளிதில் காற்றில் ஏறும். சுக்கின் காரம் இந்த இரண்டிலும் சேராத தனிக்கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

தண்ணீர் ஏன் இடம் கொடுப்பதில்லை

ஒரு லிட்டர் தண்ணீரில் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ இரண்டு கிலோ சர்க்கரை கரையும். அதே ஒரு லிட்டரில் லிமொனீன் கரைவது 10 முதல் 15 மில்லிகிராம்தான். ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இவ்வளவு பாரபட்சம் எங்கிருந்து வந்தது?

தண்ணீர் மூலக்கூறுகளுக்கு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஒன்றின் ஹைட்ரஜன் முனை அடுத்ததன் ஆக்சிஜன் முனையை இழுத்துப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. இந்தப் பிடி ஒரு கணத்தில் விட்டு மறுகணத்தில் இன்னொன்றோடு சேரும். ஆனால் எந்த நேரத்திலும் தண்ணீர் முழுவதும் இப்படிப் பிணைந்தே இருக்கிறது. புதிதாக ஒரு மூலக்கூறு உள்ளே நுழைய வேண்டுமானால் சில பிடிகளைத் தளர்த்தித்தான் அதற்கு இடம் செய்ய வேண்டும்.

சர்க்கரை மூலக்கூறில் தண்ணீர் பற்றிக்கொள்ளத் தோதான முனைகள் எட்டு இருக்கின்றன. பழைய பிடி போனாலும் புதுப்பிடி கிடைப்பதால் தண்ணீருக்கு நட்டமில்லை. லிமொனீனில் அப்படி ஒரு முனைகூடக் கிடையாது. முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். அதைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, அதை ஒட்டாமல் வளைத்து நிற்க வேண்டியிருக்கிறது. இது தண்ணீருக்குக் கட்டுப்படியாகாத ஏற்பாடு. வெளியேற ஒரு வழி கிடைத்தால் அந்த மூலக்கூறு வெளியே போய்விடும்.

வெறுப்பு, பகை என்றெல்லாம் இதைச் சொல்வது வழக்கம். உண்மையில் லிமொனீனைத் தண்ணீர் தள்ளிவிடுவதில்லை. தண்ணீருக்குத் தண்ணீர்மீது உள்ள ஈர்ப்பு அதிகம். இடையில் வந்தது ஒதுக்கப்படுகிறது, அவ்வளவுதான். அப்படி ஒதுக்கப்படும் பொருளை நீர்விலகி என்று அழைப்போம்.

சாயத் தொட்டியில் ஒரு சாட்சி

ஒரு திரவத்தில் கிடக்கும் மூலக்கூறு, பக்கத்தில் தனக்கு வசதியான இடம் கிடைத்ததும் அங்கே போய்விடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைதான் அதற்குச் சரியான இடம். பசை நீக்கிய பட்டு நூலைச் சூடான சாயத் தண்ணீரில் முக்கி, கொஞ்சம் அமிலம் சேர்த்து, கழியில் கோத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். முதலில் தண்ணீர் அடர்ந்த அரக்குச் சிவப்பாக இருக்கும், நூல் வெளிறிக் கிடக்கும். நேரம் போகப் போக நூல் சிவக்கும், தண்ணீர் தெளியும். சாயம் எங்கும் மறைந்துவிடவில்லை; தண்ணீரைவிடப் பட்டின் புரதம் அதற்குத் தோதாக இருந்ததால் இடம் மாறியது. பட்டில் அதை இழுப்பது பெரும்பாலும் மின்னேற்றம், குடத்தில் நடப்பது வேறு விசை. ஆனால் இரண்டிலும் கணக்கு ஒன்றே: ஒரு பொருளுக்கு இரண்டு இடங்கள் திறந்திருந்தால், எந்த இடம் எவ்வளவு வசதியோ அந்த விகிதத்தில் அது பிரிந்து நிற்கும். இதைப் பங்கீடு என்போம். பங்கீட்டில் ஒரு பக்கம் முழுக்கக் காலியாகாது. தெளிந்த தண்ணீரிலும் லேசான சிவப்பு மிஞ்சும்.

சாயத்துக்குத் தண்ணீரும் பட்டும் என்றால், பானகத்தின் மணத்துக்குத் தண்ணீரும் அதன்மேல் நிற்கும் காற்றும்.

ஓர் எலுமிச்சைத் தோலின் கணக்கு

இனி எண்களோடு பார்ப்போம். எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சள் பகுதியில் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் இருக்கின்றன. தோலை மடித்து அழுத்தினால் பீய்ச்சியடிக்கும் எண்ணெய் அதுதான். அதில் பெரும்பங்கு லிமொனீன். 'இது எலுமிச்சை' என்று மூக்குக்கு அடையாளம் காட்டும் சிட்ரால் அதில் சில சதவீதம் மட்டுமே.

ஒரு மூடிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரும் அதன்மேல் ஒரு லிட்டர் காற்றும் இருக்கட்டும். உள்ளே துளியிலும் துளியாகக் கொஞ்சம் லிமொனீனை விட்டு, பங்கீடு முடியும்வரை காத்திருப்போம். தண்ணீரில் எவ்வளவு இருக்கும், காற்றில் எவ்வளவு? கிட்டத்தட்டச் சரிபாதி. திரவத்தில் விட்ட பொருளில் பாதி காற்றுக்குப் போய்விடுகிறது.

அதே பாத்திரத்தில் லிமொனீனுக்குப் பதில் மதுவின் சாரமான எத்தனாலை விட்டால் காற்றில் சேருவது ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு. எத்தனால் தனியாக இருக்கும்போது லிமொனீனைவிட வேகமாக ஆவியாகும் பொருள். அப்படிப்பட்டதையே தண்ணீர் பிடித்துவைத்துக்கொள்கிறது, ஏனென்றால் அதில் பற்றிக்கொள்ள ஒரு முனை இருக்கிறது. சர்க்கரையை விட்டால் காற்றுக்கு எதுவும் போகாது.

இப்போது மூன்றாவதாக ஒரு லிட்டர் எண்ணெயையும் அதே பாத்திரத்தில் ஊற்றுவோம். லிமொனீன் ஏறத்தாழ மொத்தமும் எண்ணெய்க்குள் போய் ஒடுங்கும். தண்ணீரில் மிஞ்சுவது இருபதாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. காற்றிலும் அதே கதிதான். மூக்கை வைத்தால் எலுமிச்சை இருந்ததற்கான சுவடே குறைவு.

கற்பூரத்தின் எண்கள் இவ்வளவு தீவிரமானவை அல்ல, ஆனால் போக்கு ஒன்றுதான். அதில் ஆக்சிஜன் இருப்பதால் தண்ணீர் கொஞ்சம் பற்றிக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் கரையும். தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே அதன் பங்கீடு சுமார் முந்நூறுக்கு ஒன்று. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே இருநூறு சொச்சத்துக்கு ஒன்று. இந்த இரண்டாவது எண்தான் நம் புதிருக்கு விடை. ஒரே அளவு கற்பூரத்தைத் தண்ணீரிலும் எண்ணெயிலும் போட்டால், எண்ணெயின்மேல் உள்ள காற்றில் இருநூறு மடங்கு குறைவாகவே மணம் இருக்கும். லட்டு செய்பவர் கற்பூரத்தைக் கூடுதலாகக் கிள்ளிப் போடுவது இந்தக் கணக்கின்படி நியாயம்தான். லட்டின் மணத்தை நெய் வைத்திருந்து, வாயின் சூட்டில் உருகும்போது சிறிது சிறிதாக விடும். பானகம் கையிலிருப்பதை உடனே செலவழிக்கும்.

அரிசி மணி அளவையும் ஒருமுறை கணக்கிடலாம். ஓர் அரிசியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். ஐந்து லிட்டரில் அது பத்து லட்சத்தில் நான்கு பங்கு. கரையும் எல்லைக்குச் சில நூறு மடங்கு கீழே இருப்பதால் பொறுமையாகக் கலக்கினால் முழுதும் கரைந்துவிடும். பத்து லட்சத்தில் நான்கு பங்கு வெல்லம் இருந்தால் நாக்கு அதை வெறும் தண்ணீர் என்றே சொல்லும். மூக்கு அப்படி விட்டுவிடாது.

அளவு கூடினால் ஏன் கெடுகிறது? கற்பூரம் நாக்குக்குக் கசப்பு. மூக்குக்குப் போதுமான அளவைத் தாண்டி, நாக்கும் உணரும் அளவுக்கு வந்ததும் மணம் பின்னால் போய்க் கசப்பு முன்னால் வரும். இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. கற்பூரம் நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடிய பொருள். ஓரிரு கிராம் சிறு குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சமையலுக்கு என்று விற்கும் பச்சைக் கற்பூரத்தை மட்டும், அதையும் அரிசி மணி அளவில் மட்டும் பயன்படுத்த வேண்டும். ஆரத்திக்கு ஏற்றும் வில்லைக் கற்பூரம் குடத்தின் பக்கமே வரக்கூடாது.

குடித்தபின் வரும் மணம்

மூக்கைப் பிடித்துக்கொண்டு பானகம் குடித்துப் பாருங்கள். இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், சுக்கின் எரிச்சல் தெரியும். ஏலக்காய் தெரியாது, எலுமிச்சையின் எலுமிச்சைத்தன்மையும் தெரியாது. வெல்லத் தண்ணீரில் புளியைக் கரைத்ததுபோல இருக்கும். விழுங்கியபின் மூக்கை விட்டதும் எல்லாம் ஒரே நொடியில் வந்து சேரும்.

காரணம், நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் காற்றில் இருக்கிறது. விழுங்கியபின் மூச்சு வெளியேறும்போது வாயிலிருந்த மணமூலக்கூறுகளையும் அது மேலே கொண்டுபோகிறது. இதைப் பின்வழி மணம் எனலாம். மூக்கின் உச்சியில் இவற்றை இனம்காணும் ஏற்பிகள் மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பங்கீடு வெப்பத்தோடு மாறும். தண்ணீர் குளிரக் குளிரக் காற்றுக்கு வரும் பங்கு குறையும். நாக்கின் இனிப்பு உணர்வும் குளிரில் மங்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பானகம் வெல்லமும் ஏலக்காயும் குறைத்துப் போட்டதுபோலத் தோன்றுவது இதனால்தான். மண்பானை தருவது மிதமான குளிர்ச்சி. தாகத்துக்கு அது போதும், மணத்தையும் அது அடக்கிவிடாது. பெட்டியில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் வெல்லத்தை ஒரு கைப்பிடி கூட்டிக்கொள்ளுங்கள்.

அடியில் தங்கும் காரம்

தனிக்கதை என்று ஒதுக்கிய சுக்குக்கு வருவோம். இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். இஞ்சியைக் காயவைத்துச் சுக்காக்கும்போது அது ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்து ஷோகோலாக மாறுகிறது. ஷோகோல் ஜிஞ்சராலைவிட இரண்டு மடங்குக்குமேல் காரம். காய்ந்த இஞ்சி பச்சை இஞ்சியைவிட அதிகம் உறைப்பது தண்ணீர் வற்றியதால் மட்டுமல்ல. உள்ளே இருக்கும் பொருளே மாறிவிடுகிறது.

ஷோகோலும் நீர்விலகிதான். ஆனால் அது கனத்த மூலக்கூறு. ஏலக்காயின் சினியோலைப்போலக் காற்றில் ஏற அதனால் முடியாது. தண்ணீரும் சேர்த்துக்கொள்வதில்லை, காற்றுக்கும் போக வழியில்லை. ஆகவே அது பெரும்பாலும் சுக்குத் தூளிலேயே தங்கிவிடுகிறது. தூள் மெல்ல அடியில் இறங்கும். பந்தலில் முதலில் வந்தவருக்கு இனிப்புப் பானகமும், கடைசியாக வந்தவருக்குக் காது சுடும் பானகமும் கிடைப்பது இதனால்தான். ஒவ்வொரு டம்ளர் மொள்ளும்போதும் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினால் எல்லாருக்கும் சமமாகப் போகும்.

அந்த எரிச்சலை உணர்வது நாக்கின் சுவை மொட்டுகள் அல்ல, சூட்டை உணரும் நரம்பு முனைகள். டேவிட் ஜூலியஸ் 1997இல் மிளகாயின் காரத்தைக் கொண்டு அடையாளம் கண்ட அதே ஏற்பியைத்தான் சுக்கும் தட்டுகிறது. அந்த ஆய்வுக்காக அவர் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏலக்காயின் சினியோல் இதற்கு மாறாகக் குளிரை உணரும் ஏற்பியைத் தட்டுகிறது. ஒரே மிடறில் சூடும் குளிர்ச்சியும் தெரிகிற இந்தப் பானத்தின் வெப்பமானி அளவு இரண்டு பொருளாலும் மாறுவதே இல்லை.

காஞ்சிபுரத்துக்கு இன்னொரு சுக்குப் பண்டமும் உண்டு: வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி. சுக்கு, மிளகு, சீரகம், நெய் சேர்த்து மூங்கில் குடலையில் வேகவைப்பது. அங்கே சுக்கின் காரம் நெய்யில் பரவி இட்லி முழுதும் ஒரே சீராக இருக்கும். அடியில் தங்கும் பேச்சே இல்லை. ஒரே ஊர், ஒரே சுக்கு. எதில் போட்டார்கள் என்பது மட்டும்தான் வேறு.

மது சேர்ந்தால் என்ன ஆகும்

எத்தனால் மூலக்கூறின் ஒரு முனையைத் தண்ணீர் பற்றிக்கொள்ளும். மறுமுனை எண்ணெய்க் குணம் கொண்டது. அதனால் அது இரு தரப்புக்கும் இணக்கம். இத்தாலியில் எலுமிச்சைத் தோலை வீரியமான சாராயத்தில் பல நாள் ஊறவைத்து லிமொன்செல்லோ செய்கிறார்கள். தண்ணீரில் சில மில்லிகிராமோடு நின்றுபோகும் லிமொனீன் அங்கே தடையின்றிக் கரைகிறது. ஆனால் கரைந்தது கரைந்த இடத்திலேயே இருக்கும். வீரியம் மிக்க மது தன்னுள் இருக்கும் மணத்தை முழுதாக வெளியே விடாது.

விஸ்கியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் மணம் எழும் என்று குடிப்பவர்கள் சொல்வதற்கும் இதுதான் அடிப்படை. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் இதைக் கணினியில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டிப் பார்த்தார்கள். விஸ்கிக்குப் புகைமணம் தரும் குவாயகால் என்ற பொருள், மதுவின் வீரியம் மிகுந்திருந்தால் திரவத்தின் உள்ளே இருக்கிறது. தண்ணீர் கூடும்போது மேற்பரப்புக்கு வந்து சேருகிறது.

சோம்பு மணமுள்ள கிரேக்க மதுவான ஊசோவில் தண்ணீர் விட்டால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பளிங்குபோல இருந்த மது பால்போல வெளுக்கும். மது நீர்த்துப்போனதும் சோம்பின் எண்ணெய்க்குக் கரைந்திருக்க இடமில்லாமல், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத துளிகளாகப் பிரிந்து நிற்கிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதுதான் அந்த வெண்மை.

ஆக, மதுவில் ஊறிய பழம் மாதக்கணக்கில் மணத்தைச் சேமிக்கும். தண்ணீரில் ஊறிய பழத்தின் மணம் சில மணி நேரத்தில் போய்விடும். பானகம் போன்ற பானத்தைச் சேர்த்துவைக்க முடியாது. கரைத்த அன்றைக்கே, கரைத்த இடத்திலேயே கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

ஐந்து லிட்டர், வரிசைப்படி

இதுவரை சொன்னதை ஒரு குடம் பானகத்தில் பொருத்திப் பார்ப்போம். ஐந்து லிட்டர் நல்ல குடிநீருக்கு 600 முதல் 750 கிராம் வெல்லம், மூன்று நான்கு எலுமிச்சம்பழம், இரண்டு தேக்கரண்டி சுக்குத் தூள், பத்துப் பன்னிரண்டு ஏலக்காய், அரிசி மணி அளவு பச்சைக் கற்பூரம், ஒரு கைப்பிடி துளசி, ஒரு சிட்டிகை உப்பு.

வெல்லத்தை முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, முழுதாக ஆறவிட வேண்டும். ஏலக்காயும் துளசியும் கற்பூரமும் அந்தச் சூட்டில் விழக்கூடாது. சூடு கூடினால் பங்கீடு காற்றின் பக்கம் சாயும். வீடு மணக்கும், பானகம் மணக்காது.

சுக்குத் தூள் மட்டும் சூட்டிலேயே விழலாம். காற்றில் ஏறாத பொருள் என்பதால் இழப்பில்லை, வெந்நீர் அதன் காரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே இறக்கும்.

ஏலக்காய் விதையைக் கட்டிச் சர்க்கரையோடு சேர்த்து இடிப்பது பழைய பழக்கம். விதைக்குள் எண்ணெய் அடைபட்டுக் கிடக்கிறது. சர்க்கரைப் பரல்கள் அதை உரசி உடைக்கும், வெளிவரும் எண்ணெயைத் தங்கள்மேல் வாங்கிக்கொள்ளும். பிறகு சர்க்கரை கரையும்போது எண்ணெய் நுண்துளிகளாகத் தண்ணீர் முழுதும் பரவும். கற்பூரத்தையும் இதே சர்க்கரையோடு தேய்த்துவிட்டால் ஒரே இடத்தில் கட்டியாக மிதக்காது.

எலுமிச்சையில் சாறு வேறு, தோல் வேறு. சாறு புளிப்பைத் தரும். மணம் தோலில்தான் இருக்கிறது. பிழிவதற்கு முன்னால் ஒரு பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, குடத்துக்கு மேலே மடித்து அழுத்திவிட்டு உள்ளே போடலாம். கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியும் விதையும் வேண்டாம். அவற்றில் இருக்கும் ஒரு பொருள் முதலில் சுவையற்றது. புளிப்புச் சாற்றில் கிடந்தால் சில மணி நேரத்தில் லிமொனின் (லிமொனீன் வேறு) என்ற கசப்பாக மாறும். காலையில் நன்றாக இருந்த எலுமிச்சைச் சாறு மாலையில் கசப்பதற்கு இதுவே காரணம்.

துளசியைக் கடைசியாகக் கையால் கிள்ளிப் போட வேண்டும். அதன் எண்ணெய்ச் சுரப்பிகள் இலையின் மேற்பரப்பிலேயே இருப்பதால் கிள்ளினாலே போதும். பிறகு குடத்தை மூடிவிட வேண்டும். மூடிய குடத்தில் மேலே உள்ள காற்று மணத்தால் நிறைந்ததும் பங்கீடு நின்றுவிடும், இழப்பும் நிற்கும். திறந்த அண்டாவில் பந்தல் காற்று மணத்தை அள்ளிக்கொண்டு போகும். தண்ணீர் அந்த இடத்தை நிரப்ப மேலும் மேலும் மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும், தன்னிடம் இருப்பது தீரும்வரை.

இரவு தாண்டினால்

மணம் போவதோடு நிற்பதில்லை. வெல்லம் கரைந்த தண்ணீர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கு நல்ல விளைநிலம். வெல்லத்திலும் பழத்தோலிலும் காற்றிலும் அது இருக்கிறது. கோடை வெயிலில் ஓர் இரவு விட்டால் மறுநாள் குடத்தில் நுரையும் ஒருவிதப் புளித்த வாடையும் வரும். சர்க்கரை எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படை இந்த வேலையைத் தெரிந்தே செய்தவர்களைக் காட்டுகிறது. வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கூழை ஆற்றி, முளைநெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுக் கள் எடுத்ததை அதன் புலவர் உருத்திரங்கண்ணனார் வரிசையாகச் சொல்கிறார். அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அதைச் சர்க்கரையாக உடைக்க முளைநெல் தேவைப்பட்டது. பானகத்தில் சர்க்கரை தயாராகவே இருக்கிறது. ஈஸ்டுக்கு ஒரு படி மிச்சம். தற்செயலாகப் புளித்த குடத்தில் ஈஸ்டோடு வேறு எந்தக் கிருமி வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கொட்டிவிடுவதே சரி.

இரண்டு டம்ளர் சோதனை

இவ்வளவும் உண்மைதானா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டு டம்ளர், இரண்டு ஏலக்காய். ஒன்றில் பாதியளவு தண்ணீர், மற்றதில் பாதியளவு மணமற்ற சமையல் எண்ணெய். ஒவ்வொன்றிலும் ஓர் ஏலக்காயை நன்றாக நசுக்கிப் போட்டுக் கலக்கி, தட்டால் மூடி அரைமணி நேரம் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது தட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எது தண்ணீர், எது எண்ணெய் என்பதை முதல் மூச்சிலேயே சொல்லிவிடுவீர்கள்.

அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையைப் பார்க்கலாம். மணம் உணவில் நீடித்துத் தங்க வேண்டுமானால் எண்ணெயில் இறக்க வேண்டும்: கடுகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளிப்பில் விழுவது அதற்காக. இலையில் பரிமாறும் நேரத்தில் மூக்கை எட்ட வேண்டுமானால் தண்ணீர்ப் பதார்த்தத்தில், அதுவும் கடைசியில் சேர்க்க வேண்டும்: ரசத்தை இறக்கியபின் கொத்துமல்லி தூவுவது அதற்காக. கொத்துமல்லியைப் புளித்தண்ணீரோடு முதலிலேயே போட்டுக் கொதிக்கவைப்பவர் அதன் மணத்தை உண்பவருக்குத் தருவதில்லை, பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறார்.